சேற்றில் ஓடும் பலகை

ஹுத்தான் மெலிந்தாங் கடலோர ஐஸ் பேக்டரியில் நான் லோரியில் ஐஸ்கட்டி ஏற்றிக்கொண்டிருந்தபோது பவித்ரன் மூச்சிரைக்க ஓடி வந்தான். ஈப்போக்காரன். தம்பி சுரேனும் அவன் மனைவி ஷர்மினியும் பாய் கட்டிய பலகையில் கடலில் போவதைக் கரையிலிருந்து பார்க்க வந்தவன்.

“காத்து நின்னுபோச்சு. தண்ணியும் வத்திருச்சு. நடந்து வந்துரலாம்னு தம்பி எறங்கினான், இடுப்பு வரைக்கும் பொதைஞ்சிட்டான்!”

மீட்புப் படைக்குச் சொல்லியாகிவிட்டது. தண்ணீர் ஏறினால்தான் படகு ஓடும். ஆனால் படகு ஓடுகிற அளவுக்குத் தண்ணீர் ஏறினால், இடுப்புவரை புதைந்தவன் மூழ்கிப்போவான்.

ஐஸ் ஏற்றும் வேலையைப் பார்த்துக்கொள்ளும் நவமணி கையுறையைக் கழற்றினார். இங்கே வேலைக்கு வருமுன் இருபது வருடம் சேற்றில் பலகையைத் தள்ளிக்கொண்டு போய்க் கெராங் சிப்பி பொறுக்கியவர்.

“தண்ணி அஞ்சு மணிக்குத் திரும்பும். இப்ப மூணரை. எங்கூட கெராங் பொறுக்கின காளியம்மாவுக்கும் தர்மாவுக்கும் போன் அடி. இருக்கற பலகை எல்லாத்தோடயும் வரச் சொல்லு.”

“பலகையா? அக்கா, படகே முடியாதுங்கறாங்க” என்று சிரித்தான் ஜெயபாலன், படகுக்காரன்.

“ஒன் படகு ஒரு மணி நேரமா சேத்துல படுத்திருக்கு. வாய மூடிக்கிட்டு கயிறு கொண்டா லா.”

பவித்ரனின் போனை வாங்கி ஷர்மினியிடம் பேசினார்.

“அம்மா, நீ எறங்காதே. பாயைக் கழட்டிச் சேத்துமேல விரி. அவரை அதுல மல்லாந்து சாயச் சொல்லு, காலை ஆட்ட வேணாம். ஒன் பலகையைக் கவுத்துப் போடு, அடியில செட்டையாட்டம் நீட்டிக்கிட்டு இருக்கறது மேல பாக்கட்டும், அப்பத்தான் சேத்துல சறுக்கும். வாரோம்.”

பலகைகள் வந்ததும் நவமணி, காளியம்மா, தர்மா மூவரும் கிளம்பினார்கள். ஒரு முழங்கால் பலகைமேல், மறுகால் சேற்றை உதைத்துத் தள்ளும். ஐம்பத்தாறு வயது நவமணிதான் முன்னால் போனார். மிச்சமிருந்த பலகையில் கயிற்றோடு பின்னால் போன நான் பத்தடிக்குள் குப்புற விழுந்தேன்; வாயெல்லாம் சேறு. எங்கள் தோட்டத்தில் மூட்டை தூக்கிப் பேரெடுத்தவன் நான். அன்றோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

நாங்கள் சேர்ந்தபோது தண்ணீர் திரும்பியிருந்தது. சுரேன் அழுதுகொண்டிருந்தான். நவமணி குப்புறப் படுத்து, அவன் தொடையை ஒட்டித் தோள்வரை கையை விட்டுச் சேற்றைக் கிளறினார்.

“இழுக்காதீங்கடா, கால் முறிஞ்சிரும். உள்ள காத்து போகணும், அப்பத்தான் சேறு விடும். சுரேன், என்ன சாப்பிட்டே காலையில?”

“ரொட்டி சானாய்.”

“எத்தனை?”

“நாலு.”

“அதான் இவ்ளோ ஆழம்.”

அவன் சிரித்துவிட்டான். உடம்பு தளர்ந்தது. ஒரு கால் வந்தது. அடுத்த கால் வருவதற்குள் தண்ணீர் பாயை நனைத்து, அவன் காதைத் தொட்டது. நவமணி கையை வெளியே எடுக்கவேயில்லை.

கவிழ்த்த பலகையில் அவனைக் கிடத்திக் கயிறு கட்டினோம். ஷர்மினி சுரேனின் பலகையைக் கவிழ்த்து, நவமணியைப் போலவே ஒரு முழங்காலை அதில் ஊன்றினாள். கரையோரத்தில் ஜெயபாலன் தொடைவரை இறங்கி நின்று கயிற்றை வாங்கி இழுத்தான்.

கரையேறித் திரும்பிப் பார்த்தேன். சுரேன் கிடந்த இடம் கடலாகியிருந்தது. பாய் மட்டும் மிதந்தது.

நவமணி குழாயில் கையைக் கழுவினார். மூன்று நகங்கள் பெயர்ந்திருந்தன.

“தம்பி, லோரியில பாதி கட்டி உருகியிருக்கும்” என்றார் என்னிடம். “கூட ரெண்டு கட்டி போட்டுக்க.”