இருபதாம் இடத்துப் பெட்டி

திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்குப் பட்டியல் வரும். வந்ததும் டிவி ரிப்பேர் கடையில் இருக்கிற அத்தனை பேரும் எழுந்து இடம் மாறி உட்கார வேண்டும். கடைக்காரத் தம்பி போட்ட சட்டம் இது.

கூடைப்பந்து அணிகள் இருபதையும் பலத்தின்படி வரிசையாக நிறுத்தி, ஒரு விளையாட்டு இணையதளம் வாராவாரம் பட்டியல் போடுகிறது. யாருடைய அணி மேலே இருக்கிறதோ அவருக்குச் சோபா. அடுத்தவருக்குக் கைவைத்த நாற்காலி. எல்லோருக்கும் கீழே இருக்கிற அணிக்காரருக்கு, எப்போதோ ஒரு பெரிய டிவி வந்து இறங்கிய மரப்பெட்டி. பெட்டி தூணுக்குப் பின்னால் கிடக்கும். அதில் உட்கார்ந்தால் திரையில் முக்கால்வாசிதான் தெரியும். இடது பக்கக் கூடையைத் தூண் முழுங்கிவிடும்.

தம்பியின் சொந்த அக்காதான் ஒன்பது வாரமாக அந்தப் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய அணி நங்கூரம். பட்டியலில் அதன் இடம் இருபது. அதனால் அவளுக்கே 'இருபது' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கூடப் பிறந்தவன் கடையாயிற்றே என்று சட்டம் வளைந்து கொடுக்கவில்லை. வளைக்கச் சொல்லி அவளும் கேட்கவில்லை. கேட்கிற ஆளா அவள்!

அன்றைக்குக் கணக்கு டீச்சர் கைபேசியில் பட்டியலை வாசித்தாள். முதலிடம் புயல். பேக்கரிக்காரர் சோபாவில் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டார். நான்காவது இடம் டீச்சருடைய அணி. கீழே போகப்போக வாசிப்பு வேகமெடுத்தது.

"இருபது, நங்கூரம். கீழ ஒரு வரி எழுதியிருக்கான். 'இந்த அணியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.'"

"அவ்வளவுதானா?" என்றாள் அக்கா.

"அவ்வளவுதான்."

"பத்தொம்பது அணிக்கு மூணு மூணு வரி எழுதியிருக்கான். எங்களுக்கு எழுத ஒண்ணுமில்லையாமா? ஏன், பேனாவுல மை தீர்ந்துபோச்சா?"

"நங்கூரம்னு பேர் வச்சா அடியிலதானே போய்க் கிடக்கும்" என்றார் பேக்கரிக்காரர். அவருக்குத் தன் நகைச்சுவை தனக்கே போதும். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"கப்பலை அலை அடிச்சிட்டுப் போகாம பிடிச்சு நிறுத்துறதே அதுதான் பேக்கரிக்காரரே. புயல்னு பேர் வச்சிருக்கீங்களே, அது எங்கயாவது ரெண்டு நாள் சேர்ந்தாப்ல நின்னிருக்கா?"

டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். சண்டையிலும் எண் இல்லாமல் அவளால் பேச முடியாது. "அக்கா, கோபப்படாதீங்க. கடைசிப் பத்து ஆட்டத்துல எட்டு தோல்வி. சராசரியா ஒரு ஆட்டத்துக்கு நாலு புள்ளி கம்மி."

"எட்டுல அஞ்சு, ரெண்டு புள்ளி மூணு புள்ளியில போனது. அதையும் சொல்லுங்க. எங்க ஏழாம் நம்பர் முழங்கால் உடைஞ்சு ரெண்டு மாசமா வெளிய உக்காந்திருக்கான், அதையும் சொல்லுங்க. வெற்றி தோல்விக் கணக்குல நாங்க பதினேழு டீச்சர். அது ஆடி வாங்கின இடம். இந்த இருபது, நாலு பேர் நாற்காலியில உக்காந்து எழுதினது. அவனுங்க எழுதினா நான் ஒத்துக்கணுமா?"

"ஒத்துக்க வேண்டாம்கா. பெட்டியில உக்காந்தா போதும்" என்றான் தம்பி, திருப்புளியைப் பல்லில் கடித்தபடி.

உட்கார்ந்தாள். ஆனால் சும்மா உட்காரவில்லை. தம்பி கடையைப் பூட்டுகிறவரை விடாமல் பேசினாள். அவள் பேசுகிற இடம் உலகத்திலேயே அந்தக் கடை ஒன்றுதான். வேலை செய்கிற இடத்தில் அவள் வாயே திறக்க முடியாது.

ஏனென்றால் அவள் வேலை செய்வதே நங்கூரம் அணியிடம்தான். உள்விளையாட்டு அரங்கத்தின் அடித்தளத்தில் சலவை அறை. வீரர்கள் பயிற்சி முடித்து வீசிவிட்டுப் போகிற ஜெர்சிகளை அள்ளி, முதுகு எண் பார்த்து, அந்தந்த எண் போட்ட வலைப்பையில் போட்டு, பையோடு இயந்திரத்தில் தள்ளுவது அவள் பொறுப்பு. அறைக் கதவில் மேற்பார்வையாளர் ஒட்டிய காகிதம்: 'இங்கே கண்டது இங்கேயே.' போன வருஷம் கூட வேலை பார்த்தவள் ஒருத்தி, ஒரு வீரரின் கணுக்கால் வீங்கியிருப்பதை நாத்தனாரிடம் சொன்னாள். நாத்தனார் ஊரெல்லாம் சொன்னாள். அன்றைக்குச் சாயங்காலமே அவளுக்கு வேலை போயிற்று. அதிலிருந்து அக்கா தம்பியிடம்கூட மூச்சு விடுவதில்லை. கடையில் உள்ளவர்களுக்கும் இது தெரியும். குடைந்து குடைந்து பார்த்துவிட்டு, இவளிடம் பருப்பு வேகாது என்று விட்டுவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை குவியலில் கை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஏழாம் எண் ஜெர்சி. பிழிந்தால் சொட்டுகிற அளவுக்கு வேர்வை. ரெண்டு மாசமாக மடிப்புக் கலையாமல் அலமாரியில் கிடந்த ஜெர்சி அது!

புதனும் அப்படி. வியாழனும் அப்படி. வெள்ளிக்கிழமை காலையிலும் அப்படியே. ஏழு திரும்பி வந்துவிட்டான், சனிக்கிழமை புயலுக்கு எதிராக இறக்கப் போகிறார்கள், ரகசியமாக வைத்திருக்கிறார்கள் என்று அவள் முடிவு கட்டினாள். துணி தூக்கிய கைக்கு இறக்கை முளைத்தது.

ஒரே ஒரு விஷயம் இடித்தது. ஏழு எப்போதும் ஜெர்சியைப் பின்கழுத்தைப் பிடித்து உருவிக் கழற்றுவான். உட்புறம் வெளியே பிதுங்கித்தான் வந்து விழும். ஒவ்வொரு முறையும் திட்டிக்கொண்டே அவள் புரட்டிப் போட்டிருக்கிறாள். இந்த நான்கு நாளும் அது நேராகவே வந்தது. அவளுக்குத் தெரிந்தது. ஆனால் ஆசை யாரை விட்டது? வைத்தியம் பார்த்த இடத்தில் நல்ல பழக்கம் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பதினாலாம் எண் ஜெர்சி, அவள் மடித்து அனுப்பிய மடிப்போடு அப்படியே நாலு நாளும் திரும்பி வந்தது. பதினாலு மாற்று வீரன். பெஞ்சைத் தேய்க்கிறவன். பயிற்சிக்குக்கூட வேர்க்காதவன் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைக்குள் நுழையும்போதே அவளுடைய நடை வேறு மாதிரி இருந்தது.

"நாளைக்கு நாங்க ஜெயிக்கிறோம்" என்றாள், பெட்டியில் உட்காருவதற்கு முன்பே.

பேக்கரிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "எதை வச்சு?"

"எதையும் வச்சு இல்ல. ஜெயிக்கிறோம்."

"இருபது ஜெயிக்குமாம், ஒண்ணு தோக்குமாம். எங்க ஏழாம் நம்பரை யார் தடுக்கிறது? உங்க பதினாலா?" புயலுக்கும் ஓர் ஏழு இருந்தான். இந்த வருஷம் அதிகப் புள்ளி எடுத்தவன் அவன்தான்.

"அந்தத் தண்டத்தைப் பத்திப் பேசாதீங்க. வேர்க்கவே வேர்க்காத பய அவன்" என்றவள், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். நல்ல வேளை, யாரும் கவனிக்கவில்லை.

"அப்ப பந்தயம்" என்றார் பேக்கரிக்காரர். "நாளைக்கு நங்கூரம் தோத்தா, இந்த சீசன் முடியிறவரைக்கும் நீங்க இந்தக் கடையில வாயே திறக்கக் கூடாது. வரலாம், பாக்கலாம், பேசக் கூடாது."

தம்பி திருப்புளியைக் கீழே வைத்தான். "அக்கா, வேண்டாம். உன்னால முடியாது."

"நாங்க ஜெயிச்சா?"

"நீங்க என்ன வேணும்னாலும் பேசலாம். நாங்க குறுக்க பேச மாட்டோம்."

சீசன் முடிய இன்னும் மூன்று மாசம். அங்கேயும் மௌனம், இங்கேயும் மௌனம் என்றால் அவள் எங்கே போய்ப் பேசுவாள்? சுவரோடா? டீச்சர்கூடப் பாவம் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தாள். அக்காவுக்கு ஒரே வாக்கியம் நாக்கு நுனியில் நின்றது: எங்க ஏழு வந்துட்டான். அதைச் சொன்னால் பேக்கரிக்காரரின் முகத்தில் ஈயாடாது. சொல்லவில்லை. கையை மட்டும் நீட்டினாள்.

"சரி. பந்தயம்."

சனிக்கிழமை மதியம் ஆட்டம். யாரோ வாங்கிப்போக வேண்டிய பெரிய டிவி ஒன்றை, சரியாகிவிட்டதைச் சொல்லாமல் தம்பி இன்னும் ஒரு நாள் 'சோதனை'யில் வைத்திருந்தான். அக்கா தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து கழுத்தை நீட்டினாள்.

நங்கூரம் வீரர்கள் உள்ளே வந்தார்கள். ஏழும் வந்தான். கோட்டு போட்டுக்கொண்டு, ஊன்றுகோலோடு, நொண்டி நொண்டி வந்து பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தான்.

அப்படியானால் அந்த வேர்வை யாருடையது?

"ஐயோ பாவம், கோல் இல்லாம நிக்க முடியல" என்றார் பேக்கரிக்காரர். "இருபது அக்கா, வாய்க்குப் பூட்டு எடுத்து வைக்கட்டுமா?"

"ஆட்டம் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல." ஊன்றுகோலிலிருந்து அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. ஆனாலும் சொன்னாள். "நாங்க ஜெயிக்கிறோம்."

முதல் பாதியில் புயல் தாக்கியது இடது பக்கக் கூடையை. அது தூணுக்குப் பின்னால். அவள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, பேக்கரிக்காரரின் கைத்தட்டல் மட்டும் கேட்டது. புயலின் ஏழு மட்டுமே இருபத்தி நாலு புள்ளி எடுத்தான். பாதி முடியும்போது நங்கூரம் பதினொரு புள்ளி பின்னால். டீச்சர் எண் சொல்வதைக்கூட நிறுத்திவிட்டாள். பரிதாபம் என்றால் அதுதான்.

இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறின. இப்போது புயல் தாக்கும் கூடை அவளுக்கு முழுசாகத் தெரிந்தது. பயிற்சியாளர் பெஞ்சைப் பார்த்துக் கை காட்டினார். பதினாலு எழுந்தான்.

"வந்துட்டார் தண்டம்" என்றார் பேக்கரிக்காரர். அவளுடைய சொல்லே அவளுக்குத் திரும்பி வந்தது.

பதினாலு மேல்சட்டையைக் கழற்றினான். இரண்டு கையையும் உள்ளே இழுத்து, தலைக்கு மேலே நேராகத் தூக்கி, புரளாமல் எடுத்து நாற்காலியில் போட்டான்.

அக்கா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நாலு நாளாக அவள் கைக்கு நேராக வந்த ஜெர்சி! அது ஏழு கழற்றியது இல்லை, இவன் கழற்றியது. தன்னுடைய ஜெர்சியை மடிப்புக் கலையாமல் வைத்துவிட்டு, ஏழாம் எண்ணைப் போட்டுக்கொண்டு வாரம் முழுக்க இவன் ஆடியிருக்கிறான். யாராக? புயலின் ஏழாக. மற்றவர்கள் தடுத்துப் பழகட்டும் என்று எதிரியாக நடித்து, எதிரியைப் போலவே ஓடி, அத்தனை வேர்வையும் சிந்தியிருக்கிறான். அவனைப் போய் வேர்க்காத பயல் என்றாளே. அவளுக்கு முகம் சுட்டது.

புயலின் ஏழு இடது தோளைச் சாய்த்து வலது பக்கம் பாய்ந்தான். பதினாலு அங்கே முன்னாடியே நின்றான். இரண்டு தட்டு தட்டிப் பின்னால் ஓர் எட்டு வைத்து எறியப் போனான். எறிவதற்குள் பதினாலின் கை பந்தின் மேல் இருந்தது. அவன் அடுத்து என்ன செய்வான் என்பது அவனுக்கு முன்பே இவனுக்குத் தெரிந்தது. நாலு நாள் அவனாகவே வாழ்ந்தவனுக்குத் தெரியாதா?

"என்னாச்சு இவனுக்கு?" என்று பேக்கரிக்காரர் சோபாவின் நுனிக்கு வந்தார். "பந்தை விட்டு எறிடா!"

"அஞ்சு" என்றாள் டீச்சர், மெதுவாக. "ரெண்டாம் பாதியில அவன் எடுத்தது வெறும் அஞ்சு."

கடைசிப் பத்து விநாடி. புயல் ஒரு புள்ளி முன்னால், பந்தும் புயலின் ஏழிடம். தோளைச் சாய்த்தான். பதினாலு அசையவில்லை. ஏழு தடுமாறினான், பந்து பறிபோயிற்று. பதினாலு அதை எடுத்துக்கொண்டு இடது பக்கம் ஓடி, தூணுக்குப் பின்னால் மறைந்தான்.

கூடையில் பந்து விழுந்ததை அவள் பார்க்கவில்லை. தம்பி திருப்புளியைத் தூக்கி எறிந்து கத்தினான். பேக்கரிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். அதைப் பார்த்துத்தான் ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இரண்டையும் அவள் மறைக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போனதும், ஏழாம் எண் பயிற்சி ஜெர்சியை எடுத்துப் பதினாலாம் பையில் போட்டாள். யாராவது கேட்டால் தவறிப் போட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

சாயங்காலம் பட்டியல் வந்தது. டீச்சர் தயங்கித் தயங்கி வாசித்தாள். "பத்தொம்பது, நங்கூரம். 'ஒரு நாள் அதிர்ஷ்டம். இதை வைத்து எதையும் சொல்ல முடியாது.'"

பேச வேண்டியவள் இனி அவள்தான். யாரும் குறுக்கே பேசக் கூடாது, பந்தயம் அப்படி. அவளிடம் இருந்ததோ ஒரே ஒரு வாக்கியம். நாலு நாள் நனைந்த ஜெர்சி. அதைச் சொன்னால் அதிர்ஷ்டம் என்று எழுதினவனின் மூக்கு உடையும்.

"சொல்லுங்கக்கா" என்றார் பேக்கரிக்காரர். அவர் குரலில் கிண்டல் இல்லை. "அந்தப் பதினாலு எப்படித் தடுத்தான்? ஜெயிப்போம்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது? உங்களுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு."

அக்கா எழுந்தாள். மரப்பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துத் தரையில் கரகரவென்று இழுத்துக்கொண்டு போய்ச் சோபாவுக்கு முன்னால், திரைக்கு நேர் எதிரே போட்டாள்.

"அக்கா, பத்தொம்பதுன்னாலும் கடைசி நீதான். பெட்டி தூணுக்குப் பின்னாலதான் இருக்கணும்" என்றான் தம்பி.

"பெட்டியிலதானேடா உக்காந்திருக்கேன். பெட்டி எங்க இருக்கணும்னு அந்தப் பட்டியல் போடுறவன் வந்து சொல்லட்டும்."

"அது சரி, கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க" என்றாள் டீச்சர். "எப்படித் தெரிஞ்சது?"

அக்கா திரும்பி மூன்று பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"சொல்ல மாட்டேன்" என்றாள். "அதிர்ஷ்டம்னே வச்சுக்கோங்க. அடுத்த சனிக்கிழமையும் வருவோம்."