வளையம் வெட்டிய காசு

தாட்சாயணி செய்த தப்பு, காசில் இருந்த வளையத்தை வெட்டியது. அதைக்கூட அவளாகவா செய்தாள்? வேங்கடாசலம் சார் சொன்னார், செய்தாள்.

திருப்பதியில் அவர் வீட்டில் ஆறு வருஷமாகப் பாத்திரம் தேய்க்கிறாள். தினமும் நகரியிலிருந்து ரயில். சார் ரிட்டையர்டு இன்ஜினீயர், பழங்காசு சேர்ப்பவர். அவரை நம்பித்தான் எடுத்துப் போய்க் காட்டினாள். அவளுடைய அம்மாவின் தாத்தா தென் அமெரிக்கக் கரையில் இருக்கும் டெமராராவுக்குக் கரும்புத் தோட்டக் கூலியாகக் கப்பலேறி, திரும்பும்போது இடுப்பில் முடிந்துகொண்டு வந்த தங்கக் காசு அது. ஈட்டி மாதிரி ஒரு கோலும் கேடயமுமாக அதில் ஒரு பெண் நிற்பாள். திரௌபதியம்மன்தான் என்று நினைத்து, வீட்டுப் பெண்கள் வளையம் வைத்துத் தாலிச் சரட்டில் கோத்துக்கொண்டார்கள்.

"இது தென் அமெரிக்காவுல பெருன்னு ஒரு தேசம், அந்த ஊர்க் காசும்மா. நூத்தி எண்பது வருஷம் இருக்கும். லட்சக்கணக்குல போகும். வளையம் இருந்தா மட்டும் பாதி விலைதான். எடுத்துட்டுக் கொண்டா" என்றார் சார்.

நகை செய்யும் கங்கையா பத்தர் வளையத்தை வெட்டி, தழும்பு தெரியாமல் ராவி, மெருகு போட்டுக் கொடுத்தார். மகள் உதயாவைச் சித்தூரில் நர்சிங் சேர்த்துவிடலாம் என்று இவள் மனசு குதித்தது. பாவி மனசு! காசைக் கொண்டுபோய் சார் கையில் கொடுத்தாள். நாலு நாள் கழித்து, "இன்னா சார் ஆச்சு?" என்று கேட்டாள். மறுநாள் வீட்டுக்குப் போலீஸ் வந்தது.

சாரிடம் அதே மாதிரிக் காசு ஒன்று இருந்ததாம். போட்டோ ஒட்டிய ஏலச் சர்ட்டிபிகேட்டும் இருக்கிறதாம். அந்தக் காசைத்தான் இவள் திருடினாளாம். சார் கண்டுபிடித்து மீட்டாராம். "வளையமா? நான் பாக்கவே இல்லையே" என்று ஸ்டேஷனில் கண் சிமிட்டாமல் சொன்னார். ஆறு வருஷம் அவர் எச்சில் தட்டைக் கழுவியிருக்கிறாள்.

தாட்சாயணி தன் அம்மாவின் பழைய ஸ்டுடியோ போட்டோவைக் கொண்டு வந்திருந்தாள். அம்மா மார்பில் காசு பளிச்சென்று தெரிந்தது. இன்ஸ்பெக்டர் போட்டோவையும் காசையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "இதுல வளையம் கீது, அதுல எங்கம்மா?" என்று பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாகக் கேட்டார். பத்தருக்குப் போன் போட்டார்கள். "எனக்கு ஒண்ணும் தெரியாது சாமி" என்று வைத்துவிட்டார்.

"இந்தக் காசை நீ வீட்ல பாத்துக்கீறியா?" என்று அவள் புருஷன் சின்னப்பனைக் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"இல்ல சார். வீட்ல ஒரு நாளும் பாத்தது இல்ல."

அவன் சொன்னது சத்தியம். அப்பா செத்துப் பதினாறாம் நாள் அம்மா கழுத்திலிருந்து கழற்றிய காசு அது. அறுத்த தாலியின் காசை பெண் பிள்ளை இருக்கும் வீட்டில் வைக்கலாமா என்று மாமியார் ஆடித் தீர்த்துவிடுவாள். அதற்குப் பயந்து ஒன்பது வருஷம் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இவளுக்காகப் பேச ஒரு ஜீவன் இல்லை.

"காசு சாருக்கு. நீ எடுத்தேன்னு எழுதிக் குடுத்துடு, கேஸ் வாணாம். இல்லன்னா ரிமாண்டுதான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

தெலுங்கில் எழுத வேண்டும். தாட்சாயணிக்கும் எழுத வராது, சின்னப்பனுக்கும் வராது. தெலுங்கு மீடியத்தில் படித்த உதயாதான் பெஞ்சில் உட்கார்ந்து, ஸ்டேஷன் ரைட்டர் சொல்லச் சொல்ல எழுதினாள். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கிய பெண். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. தாட்சாயணி அடியில் கைநாட்டு வைத்தாள்.

சின்னப்பன் முன்னால் போய்விட்டான். ரயிலடிக்கு நடக்கும்போது உதயா கையிலிருந்த மையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"எம்மா, கோச்சிக்காத. எங்கிட்டயாவது நெஜத்த சொல்லு. நீ எடுத்தியா?"

காலையிலிருந்து கேட்டவர்களுக்கெல்லாம் தொண்டை வற்றப் பதில் சொன்னவள் தாட்சாயணி. பெற்ற மகள் கேட்டதற்கு மட்டும், கைநாட்டு வைத்த விரலின் மையைப் புடவையில் தேய்த்துக்கொண்டே நடந்தாள்.