பத்து வீசை மண்

ராணியம்மாளுக்கும் அவள் கொழுந்தன் தசரதனுக்கும் சண்டை வந்தது ஒரு புளியமரத்தால். அடி அண்ணாமலையில் இருவர் நிலமும் அடுத்தடுத்து இருந்தன. வரப்பை ஒட்டி, அவள் பக்கமாக, அந்த மரம் நின்றது. புருஷன் இறந்த பிறகு மரம் அவளுக்கே என்று ஊரார் பேசி முடித்திருந்தார்கள். 1957-ல் தசரதன் போட்ட நிலக்கடலை, அவர்கள் பேச்சில் மல்லாட்டை, மரத்தடியில் மட்டும் ஆறு வரிசைக்கு நோஞ்சானாக நின்றது.

"அண்ணி, உங்க மரம் என் மண்ணத் தின்னுது. வேரெல்லாம் என் பக்கம்தான் ஓடுது. வெட்டுங்க, இல்லாட்டி புளியில பாதி குடுங்க" என்றான்.

ராணியம்மாள் மரத்தடியில் போய் நின்றாள். மண்ணைத் தின்னாமல் மரம் இவ்வளவு பெரிதாகியிருக்குமா? அப்படியானால் அவன் கேட்பது நியாயம்தான். ஆனால் மரத்தை விட மனசு வரவில்லை.

அந்த வாரம் விதைக்கடலை கொடுக்க, சர்க்காரின் விவசாய ஊழியரான கிராம சேவக் ராஜமாணிக்கம் வந்தார். அவரிடம் கேட்டாள். அவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"எந்த மரமும் மண்ணத் தின்னாதும்மா. தனக்கு வேணுங்கிற சாப்பாட்டை இலையிலேயே சமைச்சுக்குது. காத்து, தண்ணி, வெயிலு, அவ்ளோதான்."

"காத்துலருந்து எப்படிங்க இம்மாம் பெரிய கட்டை வரும்? அப்போ வருசா வருசம் நான் வண்டி வண்டியா எரு அடிக்கிறது எதுக்கு?"

அவர் விளக்கினார். இலையின் பச்சை என்றார், சர்க்கரை என்றார், மாவு என்றார். அவர் சைக்கிளில் ஏறிப் போன பிறகு அவளுக்குக் குழப்பம் ஜாஸ்தியானதுதான் மிச்சம். படித்தவர் பொய் சொல்லமாட்டார். ஆனாலும் கண்ணுக்கே தெரியாத காற்று எப்படி விறகாகும்?

ராணியம்மாள் டவுன் மார்க்கெட்டில் கத்தரிக்காய் விற்பவள். எந்தப் பேச்சையும்விட அவளுக்குத் தராசின் மேல்தான் நம்பிக்கை. ஆடி மாதத்தில் தோட்டத்து மண்ணை மூன்று நாள் வெயிலில் காயவைத்து, தசரதன் கண்முன்னால் பத்து வீசை நிறுத்து, ஒரு பெரிய தொட்டியில் கொட்டி, ஆமணக்கு விதை ஒன்றை ஊன்றினாள்.

"தண்ணி மட்டும்தான் ஊத்துவேன். செடி வளர்ந்தப்புறம் மண்ணத் திரும்ப நிறுப்போம். செடி எத்தினி கனமோ அத்தினி மண்ணு கொறைஞ்சிருந்தா மரத்த வெட்டிக்க."

"கொறையாம எங்க போவும்?" என்று தசரதன் சிரித்தான்.

கோழி கிளறாமலும் தூசி விழாமலும் இருக்கத் தொட்டி வாயைத் துணியால் கட்டினாள். உதிர்ந்த இலைகளைக்கூடக் கூடையில் சேர்த்தாள். செடி அவள் தோளுக்கு மேல் வளர்ந்தது. தினமும் காலையில் இலையைத் திருப்பிப் பார்ப்பாள். சமைக்கிறது என்றாரே, அடுப்பு எங்கே, புகை எங்கே? தொட்டால் சில்லென்றுதான் இருந்தது. ஒருநாள் கிராம சேவக் சொன்னது நிஜம் என்று தோன்றும். மறுநாள், மரத்தைத் தானே பந்தயம் வைத்துத் தொலைத்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொள்வாள்.

மாசியில் செடியை வெட்டினாள். வேரைச் சலித்தெடுத்து, எல்லாவற்றையும் நொறுங்கும்வரை காயவைத்து நிறுத்தாள். வீசைக்கு நாற்பது பலம் கணக்கில் பதினைந்து பலம். மண்ணையும் முன்போலவே மூன்று நாள் காயவைத்தாள். தசரதன் வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு வீசையாகத் தானே நிறுத்தான். பத்து வீசைக்கு ஒரு பலம்தான் கம்மி. படிக்கல்லைத் தட்டு மாற்றி வைத்து மறுபடி நிறுத்தான். அதே ஒரு பலம்.

"செடியில இருக்கிற தண்ணியோட கனமா இருக்கும்" என்றான்.

"அப்பளம் மாதிரி நொறுங்குது பாரு. இதுல தண்ணி எங்க இருக்குது?"

அவன் ஒரு சுள்ளியை எடுத்து ஒடித்துப் பார்த்தான். பிறகு எழுந்தான். "எனக்கு ஒண்ணும் புரியல. மரம் உங்களோடதே" என்று துண்டை உதறிக்கொண்டு போனான்.

ஜெயித்த சந்தோஷம் அவளுக்கு முழுசாக வரவில்லை. மறுநாள் காலை வரப்பில் நின்று யோசித்தாள். காற்றும் தண்ணீரும் அரிசி பருப்பு என்றால் வெயில்தானே நெருப்பு? புளியமரத்தின் நிழல் தசரதன் நிலத்தில் கருகருவென்று விழுந்திருந்தது. எட்டி நடந்து எண்ணினாள். சரியாக ஆறு வரிசை அகலம், கடலை நோஞ்சானாக நின்ற அதே இடம். சொல்லாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவனிடம் போய்ச் சொன்னாள்.

"தசரதா, என் மரம் உன் மண்ணத் தின்னல. ஆனா உன் வெயில மறைக்குது. உன் மல்லாட்டைக்கு அடுப்பே எரியல."

அவன் வாளியைக் கீழே வைத்தான். "அப்போ நான் ஜெயிச்சேனா, தோத்தேனா அண்ணி?"

"எனக்கும் அதாண்டா தெரியல."

அவன் பக்கம் நீண்டிருந்த கிளைகளை இருவருமாக ஆள் வைத்துக் கழித்தார்கள். அந்த வருஷம் அவளுக்குப் புளி குறைந்தது. அவனுக்கு நான்கு வரிசை நன்றாகக் காய்த்தது, மரத்தடியை ஒட்டிய இரண்டு மட்டும் தேறவில்லை.

ராஜமாணிக்கம் மறுபடி வந்தபோது அவள் மண் நிறுத்த கதையைக் கேட்டு அசந்துபோனார். "அந்தக் கொறைஞ்ச ஒரு பலம் இருக்கே, அதுக்குத்தாம்மா எரு. குழம்புக்கு உப்பு மாதிரி. கொஞ்சமா இருந்தாலும் இல்லாம ஆகாது."

அது அவளுக்குப் புரிந்தது. அவர் கிளம்பப் போனார்.

"இருங்க. வெயிலுதான் நெருப்புன்னா, ராத்திரியில மரம் எதைத் தின்னும்?"

ராஜமாணிக்கம் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தார். "கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்று சொல்லி வரப்பில் உட்கார்ந்தார்.