தலைக்குள் அடித்த ஷாக்

ஏணி உச்சியில் வயர் இழுத்துக்கொண்டிருந்த மகன் தள்ளாடினான். "அப்பா, ஷாக் அடிக்குது!"

கிழட்டு வயர்மேன் ஏணியை இறுகப் பிடித்தார். மெயினை அவரே அணைத்திருந்தார். "கரண்டே இல்லடா. எங்க அடிக்குது?"

"கையில இல்லப்பா, தலைக்குள்ள. பளிச் பளிச்சுன்னு வெட்டுது. கண்ணு இருட்டுது."

கீழே நின்ற மருமகள் பதறினாள். "மாமா, அவரோட மனச்சோர்வு மாத்திரைய இந்த வாரம் பூரா காணோம். திடீர்னு நிறுத்தினா இப்படி ஆகும்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே!"

அந்த மாத்திரை மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனத்தைக் கூட்டுமாம், எவன் அளந்த கதையோ என்று அதை ஒளித்துவைத்தவர் கிழவர்தான்.

"டேய், அசையாம ஏணியக் கட்டிப் பிடிச்சுக்கோ." அவருக்கு ஏணியிலிருந்து கையை எடுக்கத் துணிவில்லை. "என் சட்டைப் பையில இருக்கும்மா, நீயே எடு. திட்டுறத அவன் இறங்கினப்புறம் திட்டு."