லக்ஷணா சொன்ன டீரெய்லர்

லக்ஷணா சொல்லிவிட்டால் சாய்மாவுக்கு மறுபேச்சே கிடையாது. ஒரு வருடமாக விடியற்காலையில் இருவரும் தென்னேரி வரை ரேஸ் சைக்கிள் ஓட்டுகிறார்கள். முன்னால் போகிறவள் காற்றைத் தடுத்துக் கொடுப்பாள்; பின்னால் வருகிறவள் ஒரு சாண் இடைவெளியில் ஒட்டிக்கொள்வாள். பின்னால் இருப்பவளுக்குச் சாலை தெரியாது. முன்னவள் விரலைக் கீழே காட்டினால் பள்ளம், அவ்வளவுதான்.

ஞாயிறன்று மாவட்ட அணித் தேர்வு. இருவருமே போகிறார்கள்; இருப்பதோ ஒரே இடம். அதற்குப் பத்து நாளைக்கு முன்பு, சாய்மாவின் சைக்கிளில் கியர் மாற்றும்போது சங்கிலியை நகர்த்துகிற பின் டீரெய்லர் முசரவாக்கம் அருகே சக்கரக் கம்பியில் சிக்கி முறிந்துபோனது. புதிதாக எதை வாங்குவது என்று அவள் லக்ஷணாவைத்தான் கேட்டாள்.

"உன் சைக்கிளும் பத்து ஸ்பீடு, இதுவும் பத்து ஸ்பீடு, கண்ண மூடிக்கினு வாங்குடி," என்று லிங்க் அனுப்பினாள் லக்ஷணா. "நீயே மாட்டிக்கோ. குமரகுரு அண்ணன் பட்டறைக்குப் போனா இழுத்தடிப்பாரு."

வெள்ளிக்கிழமை பார்சல் வந்ததும் மாட்டினாள். கியரைத் தட்டினால் சங்கிலி அடுத்த பல்சக்கரத்துக்குப் போகாமல் பாதியில் நின்று கரகரத்தது. மாலை முழுக்கத் திருகியும் வழிக்கு வரவில்லை. மறுநாள் வேறு வழியில்லாமல் குமரகுருவின் பட்டறைக்கு உருட்டிக்கொண்டு போனாள்.

"இது மலை சைக்கிளுக்கு வர்றதும்மா," என்றார் அவர். "பத்து ஸ்பீடுதான். ஆனா உன் ரோடு சைக்கிள் கியர் லீவர் இழுக்கிற ஒயரு இதுக்குப் பத்தாது. போன மாசம் உன் ஃப்ரெண்டும் இதையேதான் வாங்கியாந்துச்சு. கழட்டிக் குடுத்து அவ்ளோ நேரம் சொல்லிக்கினு இருந்தேனே. உன்கிட்ட சொல்லலையா?"

"மறந்திருப்பாண்ணா," என்றாள் சாய்மா. மறக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். இந்தப் பட்டறைக்குப் போகாதே என்றது எதற்கென்றும் இப்போது தெரிந்தது. ஓர் இடத்துக்காகவா? வாய்விட்டுக் கேட்டிருந்தால் அரை மனதோடாவது விட்டுக்கொடுத்திருப்பாளே!

குமரகுரு ரோடு சைக்கிளுக்கான ஒன்றைத் தேடி எடுத்து, பெரிய பல்சக்கரம் வரை எட்டுகிறதா என்று பார்த்து மாட்டினார். சங்கிலி சொன்ன பேச்சைக் கேட்டது.

ஞாயிறு விடியலில் இருவரும் வழக்கம்போல் சேர்ந்தே தேர்வுக்குக் கிளம்பினார்கள்.

"கியரு நல்லா மாறுதாடி?"

"குமரகுரு அண்ணன் வேற போட்டுக் குடுத்தாரு."

லக்ஷணா முன்னால் மிதித்தாள். சற்றுத் தூரம் போனதும் அவள் விரல் கீழே காட்டியது. சாய்மா அதை நம்பவில்லை. ஒதுங்கி, எட்டி, தன் கண்ணாலேயே சாலையைப் பார்த்தாள்.

பள்ளம் இருந்தது. இருந்தும் அவள் அந்தச் சக்கரத்தின் பின்னால் திரும்பப் போகவில்லை. எதிர்காற்று முழுவதையும் நெஞ்சில் வாங்கிக்கொண்டு தனியாக மிதித்தாள்.