முப்பது நாள் அறிவிப்பு

"பதினோரு பேர்ல பத்துப் பேருக்கு ஓடுதுன்னா அது நியாயமாயிருமா, தங்கச்சி?"

சுங்கை பாக்காப்பிலிருந்து பஸ்ஸும் பெரிப் படகும் ஏறி வந்திருந்த ஹமீது அண்ணன், மூக்கை மூடியிருந்த துணியை இன்னும் அவிழ்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே சூலியா தெரு, புகைமூட்டத்தில், பாதி அழித்த பென்சில் படம் போல இருந்தது.

"எல்லாருக்கும் முப்பது நாள் கொடுத்தோம்லா, அண்ணே. புது எழுத்துக் கோப்போட உங்க புரோகிராம் ஓடலைன்னா சொல்லுங்கன்னு ஈமெயில் போட்டேன். இந்தச் சங்கப் போர்டுலயும் ஒட்டினேன்."

"எஸ்டேட்ல ஏது ஈமெயில்? மாசக் கூட்டத்துக்கு வந்தாத்தான் உங்க போர்டையே பார்ப்பேன். செப்டம்பர்ல கூட்டம் நடந்துச்சா?"

நடக்கவில்லை. புகை என்று எல்லோருக்கும் போன் செய்து தள்ளிவைத்தது நான்தான். கூட்டத்தை நிறுத்தினேன், முப்பது நாளை நிறுத்தத் தோன்றவில்லை.

எங்கள் சங்கம் பதினோரு தமிழ் புரோகிராம்களை ஒரே டிஸ்க் கட்டாகப் பள்ளி, கோயில், கிளினிக் என்று அனுப்புகிறது. திரையில் தமிழைக் காட்ட எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்துக் கோப்பு. அது மாறினால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் சம்மதம். யாருக்கும் சலுகை கூடாது என்று இந்த விதியை எழுதியவள் நான், அருந்ததி. போன வருஷம் புதுக் கோப்பு கேட்டு விநாசித்தம்பி மாமா இரண்டு தடவை வந்தார். அவருடைய கோயில் பஞ்சாங்கம் பழசில் கோணலாகத் தெரிந்தது. இரண்டு தடவையும் யாரோ ஒருவர் முடியாது என்று எழுத, விதியைக் காட்டி அவரைத் திருப்பி அனுப்பினேன்.

"எங்க எஸ்டேட் கிளினிக் ஹாஜரா நர்ஸ் ஊசிக் கணக்குப் பார்க்கப் புது டிஸ்க்கைப் போட்டிருக்காங்க. திரை பூரா கட்டம் கட்டமா வருது. அறுபத்து நாலு பிள்ளைங்க, தங்கச்சி. எந்தப் பிள்ளைக்கு ரெண்டாவது ஊசி, எந்தப் பிள்ளைக்கு மூணாவதுன்னு தெரியலை. வியாழக்கிழமை ஊசி நாள்."

"தாய்மாருங்ககிட்ட ஊசி அட்டை இருக்குமே?"

"பாதிப் பேர் தொலைச்சிட்டாங்க. அதுக்காகத்தானே இந்தப் புரோகிராமையே எழுதினேன்? பழைய டிஸ்க் ஒண்ணு கொடும்மா, போதும்."

அலமாரியைத் திறந்து பயனில்லை. எங்கள் வழக்கம் அவருக்கும் தெரியும்: பழைய டிஸ்க்குகளைத் திருப்பி வாங்கி, அழித்து, அவற்றிலேயே புதுசை எழுதுவோம்.

"ஒண்ணுகூடவா இல்லை?"

ஒருவரிடம் இருக்கும். பழசின் கோணலைக் கூட்டத்தில் காட்டுவதற்காகவே விநாசித்தம்பி மாமா ஒரு பிரதி வைத்திருந்தார். ஆனால் இதே கட்டு இன்னும் மூன்று எஸ்டேட் கிளினிக்குகளுக்குப் போயிருக்கிறது. ஹமீது அண்ணன் தன் புரோகிராமைத் திருத்தும்வரை எல்லாவற்றையும் திருப்பி வாங்கத்தான் வேண்டும். அப்படி வாங்கினால் மாமாவின் பஞ்சாங்கம் தீபாவளிக்குக் கோயில்களுக்குப் போகாது.

மாமாவுக்குப் போனைச் சுழற்றினேன். ஹமீது அண்ணன் பக்கத்திலேயே நின்றார்.

"யாரு, அருந்ததியா? பஞ்சாங்கம் என்ன அழகா வருது தெரியுமா! பட்டர்வொர்த் கோயில்ல நாலு பேர் கேட்டுட்டாங்க."

"மாமா, தப்பு என்னோடது. பழைய எழுத்துக் கோப்பைக் கொடுங்க. அப்புறம், புதுக் கட்டை ஒரு மாசம் திருப்பி வாங்கிக்கறதுக்கு நீங்க சம்மதிக்கணும், மாமா."