பிளம் பாதிரியாருக்கு ஒரு பூசை

1.

ஒக்டோபர் 18, 2025, சனிக்கிழமை. ஒரு சிறிய பிழை நடந்துவிட்டது. ஒருவரின் மனைவியை ஸ்டெபனி கள்ளக்காதலியாக எழுதிவிட்டாள்.

(“சிறிய” என்பதை வெட்டலாமா? ஸ்டெபனி நான்தான். நாட்குறிப்பில் தன்னை ‘அவள்’ என்று எழுதிப் பழகச் சொன்னவர் மாலைநேர எழுத்து வகுப்பின் ஆசிரியை. பிழைகளைப் பார்க்க அது வசதியாகவும் இருக்கிறது.)

2.

கதை, வகுப்பில் கொடுத்த பிரதித் தாள்களிலிருந்து பிறந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஓர் ஆங்கிலக் கிராமத்தில் இருந்த ஜோசையா பிளம் என்ற பாதிரியாரின் எழுத்துகள் அவை. ஞாயிற்றுக்கிழமை, அரசனுக்குக் கீழ்ப்படியாதவன் நரகத்துக்குப் போவான் என்று பிரசங்கிப்பார். திங்கட்கிழமை, வீட்டு ஜன்னல்களை எண்ணி அரசன் போட்ட ஜன்னல் வரியைத் திட்டித் துண்டுப்பிரசுரம் எழுதுவார். வரிக்குப் பயந்து ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார். பிறகு இருட்டில் தன் பிரசங்கத்தையே வாசிக்க முடியாமல் திண்டாடினார். ஓரத்தில் அடிக்கடி ஒரு குறிப்பு: “மார்த்தா மெழுகுதிரி கொண்டுவந்தாள்.”

சாமியார் வீட்டில் மார்த்தாவுக்கு என்ன வேலை? புலம்பெயர் தமிழர் வாழும் மல்வேர்னில், கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்த ஸ்டெபனிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எழுதினாள்: “அந்த வெளிச்சத்தில் அவருடைய துறவு மெல்ல உருகி—”

(மிச்சத்தைக் காட்டமாட்டேன்.)

3.

வியாழன் வகுப்பில் கதையை வாசித்து முடித்ததும் பக்கத்தில் இருந்த முஸ்லிம் நண்பன் நிலாம் கேட்டான்: “இவர் கத்தோலிக்கர் இல்லையே, அங்கிலிக்கன். அங்கிலிக்கன் பாதிரிமார் கலியாணம் கட்டலாம்தானே? எனக்கே தெரியுது. ஒங்கட ஆக்கள்தானே, ஒனக்குத் தெரியாதா?”

அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. கதையை முன்பே வாசித்த அம்மா பேர்ணடெற், வழிதவறிய சுவாமியை நினைத்துக் கண்கலங்கி, நாளைய ஞாயிற்றுத் திருப்பலிப் பூசையை அவருடைய ஆன்மாவுக்காக ஒப்புக்கொடுத்துவிட்டார். கோயிலில் பெயரை வாசிப்பார்கள்.

அடிக்குறிப்பு: தாள்களின் கடைசிக் கட்டுரையை ஸ்டெபனி இன்றுதான் வாசித்தாள். செத்தவர்களுக்குப் பூசை வைப்பது பித்தலாட்டம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார் பிளம்.

4.

முடிவு அ: பெயர் வாசிக்கும்போது அது யாருக்கும் கேட்காதபடி ஸ்டெபனி பலமாக இருமுகிறாள். (கோழைத்தனம்.)

முடிவு ஆ: பிளம் ஆவியாக வந்து, கோயிலின் பெரிய ஜன்னல்களைப் பார்த்து, வரியைக் கணக்குப் போட்டு மயங்கி— (வேண்டாம்.)

முடிவு இ: உண்மையைச் சொல்வது. இதைத்தான் ஸ்டெபனி செய்தாள். நாளைக்கு உடுக்கும் சேலையை அம்மா அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தார்.

“அம்மா, அந்தப் பாதிரியார் கலியாணம் கட்டினவர். மார்த்தா அவற்ற மனிசி.”

அயர்ன் நின்றது. “ஐயோ பிள்ளை, நான் அவளைப் பற்றி ஜெபக்கூட்டத்தில என்னெல்லாம் சொல்லிப்போட்டன்.”

“பூசை பித்தலாட்டம் எண்டும் எழுதியிருக்கிறார். பெயரை எடுப்பமே?”

“எடுக்கிறதோ? உப்பிடி எழுதினவருக்குத்தான் பூசை கட்டாயம் வேணும். அந்தப் பிள்ளை மார்த்தாவின்ர பெயரையும் சேர்த்துவிடு.”

5.

மார்த்தாவுக்கு ஒருமுறை அநியாயம் செய்தாயிற்று. இப்போது, வேண்டாமென்று எழுதியவருக்கே பூசை வைத்துப் பிளமுக்கும் செய்யலாமா? அவர் பெயரை வெட்டினால் அம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது? வாசகரே, அவர் பெயரை வெட்டுவதா, மார்த்தாவின் பெயரையும் சேர்ப்பதா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

நாளைய வேலை: பூசைக்கு முன், பெயர்ப் பட்டியல் இருக்கும் கோயில் அலுவலகத்துக்குப் போவது. பேனை கொண்டுபோக வேண்டும்.